கட்டிலுக்கு எதிரே இருந்த படம்

தம்பி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. சாந்தி நன்றாக இருக்கிறாள். உன் மகள் பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், முழித்திருக்கும் நேரத்தில் என்னை முறைத்துப் பார்க்கிறாள். நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் வலி வழக்கம்போல. எல்லாரும் கடைசியில் எழுதுவதை நான் முதலிலேயே எழுதி முடித்துவிட்டேன். மீதிக் கடிதம் முழுக்க நீ கேட்டிருப்பதற்குப் பதில்தான். அந்தப் பதில் உனக்குப் பிடிக்கப்போவதில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

குழந்தையை ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்து, பெரிதாக்கி, கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் பழைய படம் இருந்த ஆணியிலேயே மாட்டச் சொல்லி இரண்டாவது முறையாக எழுதியிருக்கிறாய். மாட்டமாட்டேன். பிள்ளையின் படம் உனக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற அளவில் ஒன்று எடுத்து அனுப்புகிறேன். பார்த்துக்கொண்டிரு, பெற்ற தகப்பன் நீ, இன்னும் முகத்தையே பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சுவரில் எதுவும் ஏறாது. சாந்தியும் தினமும் கேட்கிறாள். "ஆவட்டும், பாக்கலாம்" என்று சொல்லி ஓட்டுகிறேன். மாமியார்க் கிழவிக்கு வீம்பு என்று நினைக்கிறாள், நினைக்கட்டும். காரணத்தை உனக்கு மட்டும் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு. அவளுக்கு எழுதும்போது வாய் தவறிக்கூட ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது.

இந்த வீடு கட்டி முடிந்ததும் நீ மஸ்கட்டிலிருந்து எழுதிய கடிதம் ஞாபகம் இருக்கிறதா? உன் முதலாளி வீட்டு ஹாலில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடுகிற குதிரைகளின் படம் இருக்கிறது, சுவர் மொட்டையாக இருந்தால் வீடு வீடாகவே இருக்காது, கொஞ்ச செலவில் நல்ல படமாகப் பார்த்து மாட்டுங்கள் என்று எழுதினாய். நான் நிமிர்ந்து பார்த்தேன். நாலு பக்கமும் வெளிர்நீலச் சுண்ணாம்பு, இருமினால் திரும்பி இருமுகிற மாதிரி வெறும் சுவர். பழைய கூரை வீட்டில் இந்தக் கவலையெல்லாம் ஏது? மண்சுவரில் எலி போட்ட பொத்தலை மறைக்க நீ சினிமா நோட்டீஸை வடித்த கஞ்சி தடவி ஒட்டுவாய். மறுநாள் எலி அதையும் தின்றுவிட்டு, நடிகையின் கழுத்து வழியாகத் தலையை நீட்டும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும் உனக்கு. அதைவிட நல்ல படம் இந்த வீட்டில் மாட்டவே இல்லை, போ.

நீ சொல்லிவிட்டாயே என்று நானும் சாந்தியும் தேடக் கிளம்பினோம். அரிசி மண்டியில் காலண்டர் கொடுத்தார்கள், ஜவுளிக்கடையில் கொடுத்தார்கள், நகைக்கடையில் குண்டுமணித் தங்கம் வாங்காமலே கெஞ்சி ஒன்று வாங்கினேன். எல்லாம் சாமி. ஹாலில் மட்டும் முருகன் எத்தனை பேர்! "அத்தே, இது வூடா, கோயிலா? கால நீட்டிப் படுக்க ஒரு பக்கம் வுடுங்க" என்றாள் சாந்தி. ஞாயிற்றுக்கிழமை கோட்டை பார்க்க பஸ்ஸில் வருகிறவர்களுக்காக மலையடியில் கித்தான் விரித்துப் படம் விற்கிறானே ஒருத்தன், அவனிடம் போனோம். கோட்டைப் படத்தை எடுத்து நீட்டினான். "ஏண்டாப்பா, ஜன்னலத் தொறந்தா மலையும் கோட்டையும் மொத்தமா நிக்குது. அத்தக் காசு குடுத்து வேற வாங்கி மாட்டணுமா?" என்றேன். கடைசியில் சீனரி ஒன்று வாங்கினோம். பனிமலை, சிவப்புக் கூரை வீடு, குளத்தில் வாத்து. செஞ்சி வெயிலில் அதைப் பார்த்தாலாவது குளிரட்டும் என்று சாந்தி ஆசைப்பட்டாள்.

அதை மாட்டப் பட்ட பாடு இருக்கிறதே! உன் சிமெண்டுப் பூச்சில் ஆணி இறங்கவே இல்லை, வளைந்து வளைந்து விழுந்தது. ஓங்கி அடித்தால் காரை பெயர்ந்து வந்தது. பிறகு மைதாப் பசை காய்ச்சி ஒட்டினோம். மத்தியானம் கரண்ட் வந்து ஃபேன் சுற்றியதும் பனிமலை மொத்தமும் கழன்று, கீழே படுத்திருந்த சாந்தியின் மேல் விழுந்தது, பின்னாலேயே ஒரு பல்லியும் விழுந்தது. அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார். கொத்தனார் வந்துதான் கட்டிலுக்கு எதிரே மரக்கட்டை பதித்து ஒரு ஆணி அடித்துக் கொடுத்தார். இந்த வீட்டில் ஒழுங்காக நிற்கிற ஆணி அது ஒன்றுதான்.

உன் நைனா படம் வைக்க வேண்டும் என்றும் எழுதினாய். வைத்தேனே, அதை உனக்குச் சொல்லவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை ஒரு போட்டோ எடுத்தவரில்லை, கேட்டால் "நான் இன்னா மந்திரியா?" என்பார். கடை போர்டு எழுதுகிற ஆளைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்து, நெற்றி இப்படி, மூக்கு இப்படி, மேல் உதட்டில் வெட்டுத் தழும்பு என்று நான் சொல்லச் சொல்ல அவர் வரைந்தார். வரைந்து முடித்துத் திருப்பிக் காட்டினால் யாரோ ஒரு பெரிய மனிதர் ஜிப்பா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தழும்பு மட்டும் சரியாக இருந்தது. அதைவிடக் கொடுமை, அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து கண்ணை மூடினால் எனக்கு அந்த ஜிப்பாக்காரர்தான் வருகிறார், உன் நைனா வருவதில்லை. படத்தைத் துணி சுற்றி அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் வைத்துவிட்டேன். போன முகம் போனதுதான், சொல்லி வரவழைக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் சொல்லப்போவது உனக்கு அப்போதுதான் புரியும்.

நீ லீவு முடிந்து திரும்பிப் போன கொஞ்ச நாளில் சாந்தி முழுகாமல் இருப்பது தெரிந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி கண் விழித்ததும் அழகான குழந்தை முகம் பார்க்க வேண்டும் என்று தெருவே வந்து சொன்னது. மருந்துக்கடைக்காரர் ஒரு காலண்டர் கொடுத்தார், சோளக்கதிர் மாதிரி மயிர், பூனைக்கண். சாந்தி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுருட்டி என்னிடமே கொடுத்துவிட்டாள். "இதப் பாத்து வெள்ளக்காரப் புள்ள பொறந்தா ஊரு இன்னா பேசும்? நம்ம மூஞ்சா வோணும் அத்தே. உங்க மவன் கலரா இருக்கணும்." அவள் சொன்னது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நம் நிறத்துக் குழந்தையை எந்தக் காலண்டரில் போடுகிறான்? பிரேம் போடுகிற பாயிடம் கேட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற ஸ்டூடியோவில் கேட்டுப் பாருங்கள், ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராத படங்கள் கிடக்கும், பிரேம் விலைக்கே தள்ளிவிடுவார் என்றார்.

போனோம். பெஞ்சுக்கு அடியிலிருந்து தூசி தட்டித் தட்டி எடுத்துப் போட்டார். யாரோ ஒரு மாப்பிள்ளை, யாரோ ஒரு கிழவர், கும்பலாக ஒரு பள்ளிக்கூடம். அடியில் அவன் இருந்தான். குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிக்கொண்டு, இடுப்பில் வெள்ளி அரைஞாண், காலில் தண்டை, கன்னத்தில் திருஷ்டி மை, வாய் முழுக்கச் சிரிப்பு. நம் நிறம். கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் யாரையோ பார்த்துச் சிரிக்கிறான். சாந்தி கையை நீட்டி வாங்கினவள் கீழே வைக்கவே இல்லை. "யாரு புள்ளைங்க?" என்று கேட்டதற்கு, "தெரிலம்மா, எப்பவோ எடுத்தது. அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனவங்க திரும்பியே வரல" என்றார் ஸ்டூடியோக்காரர். நாங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. கண்ணாடி போட்ட படம் அந்த விலைக்கு எங்கே கிடைக்கும்? மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று நின்று கேள், தம்பி. நான் கேட்கவில்லை, நீயாவது கேள்.

பனிமலையை இறக்கிவிட்டு அந்த நல்ல ஆணியில் அவனை மாட்டினோம். காலையில் கண் விழித்ததும் சாந்தி அவனைப் பார்ப்பாள். "இன்னா குண்டுப்பையா, தூங்கினியா?" என்பாள். நானும் போகிறபோது வருகிறபோது "சாப்டியாடா?" என்று கேட்டிருக்கிறேன். "இவன் அந்தாண்ட யாரப் பாத்து இப்புடிச் சிரிக்கிறான் அத்தே?" என்று அடிக்கடி கேட்பாள். தாய் செத்த பெண், பேச்சுத்துணைக்கு நான் ஒரு கிழவி, நீ கடலுக்கு அந்தப் பக்கம். அந்தப் படம்தான் அவளுக்கு எல்லாமாக இருந்தது.

தாய்வீடு இல்லாத பெண்ணுக்கு நாமே வளைகாப்பு செய்தோம், எழுதியிருந்தேனே. வளையல் போட வந்தவள் அனந்தபுரத்து மைமூன். சந்தை நாளில் வளையல் பெட்டியோடு வந்து நம் தெருவைச் சுற்றிவிட்டுப் போவாளே, ஒல்லியாக, அதிகம் பேசாமல், அவள்தான். ஹாலில் மணையில் உட்கார வைத்து இரண்டு கை நிறைய அடுக்கினாள். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் ஒரு வளையல் இறுக்கிப் பிடிக்கிறது என்று சாந்தி அவளை அறைக்குள் கூப்பிட்டாள். மைமூனுக்கு இலையில் கலந்த சாதம் எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனால், அவள் சாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். மாற்றிப் போட அவள் எடுத்த வளையல் பிடியிலேயே நொறுங்கிவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக இப்படி ஆகிவிட்டதே என்று சாந்திக்கு முகம் சுண்டிப்போனது. "ஒண்ணும் இல்ல கண்ணு, கை வழுக்கிடிச்சு. என் வளையல் தானே, உன் கைக்கு ஏறாதது" என்று சொல்லிவிட்டு, மைமூன் குனிந்து துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கை கழுவத் தோட்டத்துப் பக்கம் போனவள் வரவே இல்லை. போய்ப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் குந்தியிருக்கிறாள்.

"அந்தப் படம் ஏதும்மா உங்களுக்கு?"

"ஸ்டூடியோல வாங்கனோம். ஏன்?"

"எம்புள்ளம்மா அது."

நானும் அவள் பக்கத்தில் குந்தினேன். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துப் பிறந்தவனாம். தவழ ஆரம்பித்ததும் ஆசையாகப் படம் எடுக்கத் தூக்கிப் போனார்கள். அந்த வாரமே காய்ச்சல் கண்டு போய்விட்டான். படத்தை வாங்கப் போன அவள் வீட்டுக்காரர் கடை வாசல் வரை போய்விட்டு, அதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் திரும்பி வந்து, படம் சரியாக விழவில்லையாம் என்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷமும் அவள் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். "மூஞ்சே மறந்துபோச்சும்மா எனக்கு. தாயே புள்ள மூஞ்ச மறக்கலாமா? இன்னைக்குத்தான் பாத்தேன்" என்றாள். அப்புறம் அவளே சொன்னாள். "நான் தாம்மா பக்கத்துல நின்னு வளையல ஆட்டிக்கினு இருந்தேன். அவன் என்னத்தான் பாக்கறான்."

இப்போதே கழற்றித் தருகிறேன் என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "வேணாம்மா. ஏன்னு கேக்கும் அந்தப் பொண்ணு. இன்னா சொல்லுவீங்க? செத்த புள்ளயப் பாத்துக்கினு இருந்தேன்னு தெரிஞ்சா வயித்துக்காரி தாங்குமா? நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும். அப்பால வந்து எடுத்துக்கறேன்." பெற்றவள் இதைச் சொல்கிறாள், தம்பி. நான் அவள் இடத்தில் இருந்தால் சுவரைப் பெயர்த்துக்கொண்டு போயிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் படம் தேடி அலைந்த அலைச்சல் உனக்குத் தெரியாது. முதலில் தேடியது வீட்டுக்கு அழகு பார்க்க, இப்போது தேடியது இவனுக்கு மாற்றாக ஒருத்தனைக் கொண்டு வந்து மாட்டிவிட்டு, இவனை அவளிடம் சேர்க்க. பஸ் ஏறி விழுப்புரம் போனேன், திண்டிவனம் போனேன். தொட்டில் குழந்தை, கிருஷ்ணர் வேஷக் குழந்தை, வாயில் விரல் வைத்த குழந்தை என்று வாங்கி வந்து காட்டினேன். சாந்தி எல்லாவற்றையும் நல்லா இருக்குது நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டு ஹாலில் வைத்தாள். "அவன மட்டும் எடுக்காதீங்க அத்தே, வயித்துக்குள்ள அவன் மூஞ்சிதான் இருக்குது எனக்கு" என்றாள். படத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் அதைப் பார்த்து இன்னொன்று போட்டுத் தர முடியும் என்று ஸ்டூடியோக்காரர் சொன்னார், ஒரு வாரம் ஆகுமாம். அவள் ஒரு மணி நேரம் விடமாட்டாள், ஒரு வாரம் எங்கே விடுவாள்? பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மைமூன் ஒவ்வொரு சந்தை நாளும் வந்தாள். ரிப்பன் வேணுமா, ஊக்கு வேணுமா என்று ஏதாவது கேட்டுக்கொண்டு உள்ளே வந்து, அறை வாசற்படி ஓரமாக உட்காருவாள். எப்போதும் அந்த ஒரே இடம். ஏன் அங்கேயே உட்காருகிறாள் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது, படத்தில் அவன் பார்க்கிற பக்கம் அது. சாந்தியோடு பேசிக்கொண்டே பார்ப்பாள், தண்ணீர் குடித்துக்கொண்டே பார்ப்பாள். வெயில் தாழ்ந்ததும் எழுந்து போய்விடுவாள். வாரத்தில் அந்த ஒரு பொழுதுக்காகத்தான் உயிரோடு இருக்கிறாளோ என்று எனக்குத் தோன்றும். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லையாம். கையில் கொண்டுபோய்க் காட்டிக்கொள்கிறேன் என்றாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர்த் தொட்டியை அறைச் சுவரை ஒட்டிக் கட்ட வேண்டாம், ஈரம் உறிஞ்சி ஓதம் ஏறும் என்று கொத்தனார் தலைபாடாக அடித்துக்கொண்டார். பிளான் மஸ்கட்டிலிருந்து வந்தது, மாற்ற முடியாது என்று நான்தான் வாயை அடைத்தேன். படிக்காதவர் சொன்னதை நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தொட்டி ஈரமும் மழை ஈரமும் சேர்ந்து அந்தச் சுவர் வேர்த்தது. படத்தின் ஓரத்தில் மூட்டமாக ஒரு கறை வந்தது. முகம் பளிச்சென்றுதான் இருந்தது, முன்னைவிடப் பளபளவென்றுகூட இருந்தது. அது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டதால் வந்த பளபளப்பு என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

உன் மகள் பிறந்தாள். அந்தப் படத்து ஜாடையும் இல்லை, உன் ஜாடையும் இல்லை, அப்படியே என் மாமியார் மூக்கு. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, பிள்ளைக்குப் பதினாறாம் நாள் சாமி கும்பிட்டு முடித்ததும் மைமூனிடம் படத்தைக் கொடுத்துவிடுவதாக இருந்தேன். அதற்குள் உன் கடிதம் சாந்திக்கு வந்தது. "நம்ம பிள்ளை இருக்கும்போது ஊரான் பிள்ளை படம் எதற்கு? அதை எடுத்துவிட்டு அந்தப் பிரேமிலேயே நம்ம பிள்ளை படத்தைப் போடுங்கள், புது பிரேம் செலவு மிச்சம்" என்று எழுதியிருந்தாய். நான் அன்றைக்கு ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றிருந்தேன். வந்து பார்த்தால் தோட்டத்தில் தொட்டி மேல் கண்ணாடி வெயிலில் காய்கிறது. தண்ணீர் சொட்டச் சொட்ட, துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக.

"பழைய படம் ஒட்டிக்கினு வரவே இல்ல அத்தே. சுரண்டிப் பாத்தேன், சுடுதண்ணி ஊத்தி, சாம்பல் போட்டு நல்லாத் தேச்சிட்டேன். எப்புடி மின்னுது பாருங்க!" என்றாள். பிள்ளை பெற்ற உடம்பு, அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். "ஈரத்துல ஏன் நின்னே" என்று மட்டும் கத்தினேன். அவள் முகம் வாடிவிட்டது. குப்பையில் தேடினேன். பிய்ந்து வந்த காகிதத்தில் ஒரு காலும் தண்டையும், அரைஞாணில் கொஞ்சமும் இருந்தன. முகம் இருந்த இடத்தில் வெள்ளைக் காகிதம்.

ஸ்டூடியோவுக்கு ஓடினேன். பழைய பிலிமையெல்லாம் அதிலிருந்து வெள்ளி பிரித்தெடுக்கிறவன் வந்து எடைக்கு வாங்கிக்கொண்டு போய் வருஷக்கணக்காகிறது என்றார். அவர் மேல் என்ன தப்பு? யார் மேல்தான் தப்பு சொல்வது? சாந்திக்குத் தெரியாது. நீ சிக்கனம் பார்த்தாய். நானும்தான் பார்த்தேன், முதல் நாளிலிருந்து பார்த்தேன். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது, யார் மேல் காட்டுவது என்று தெரியாத ஆத்திரம்.

அடுத்த சந்தை நாளில் மைமூனைத் தெருமுனையிலேயே மறித்துச் சொன்னேன். அந்தக் காகிதத்துண்டைக் கொடுத்தேன். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். தூற்றியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் தண்டை போட்ட காலை விரலால் தடவினாள். "ஒரு வாரம் பாக்காம இருந்ததுக்கே பாதி மறந்துட்டேம்மா. இனிமே சுத்தமாப் பூடும்" என்றாள். போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டுச் சொல்லி வரையச் செய்யலாமா என்று என் வாய் வரை வந்தது. அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் இருக்கிற ஜிப்பாக்காரர் ஞாபகம் வந்தது.

அவள் திரும்பிப் போய்விடுவாள் என்று பார்த்தேன். என் கூடவே வீட்டுக்கு வந்தாள். அதே வாசற்படி ஓரம், அதே இடம். எதிர்ச்சுவரில் ஓதம் பூத்து நீலம் வெளுத்துக் கிடக்கிறது. படம் இருந்த இடம் மட்டும் சதுரமாகப் பழைய நிறத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்தச் சதுரத்தில் அவளுக்கு ஏதோ தெரிகிறது, தம்பி. எனக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது என்றுதான் இருந்தது. சாந்தி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து, "அக்கா, அங்க எம்பொண்ணு படம் வரப்போவுது" என்றாள். "நல்லா மாட்டு கண்ணு" என்றாள் மைமூன். சொல்லிவிட்டு எழுந்து, சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். உன் மகள் கைக்கு அளவெடுத்து ஒரு கருவளையல் போட்டுவிட்டாள். அதற்கு மேல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த இடத்தில் எதுவும் மாட்டக் கூடாது என்று அன்றைக்குத்தான் தீர்மானம் பண்ணினேன். அடுத்த வாரம் வந்தாள், சுவர் வெறுமையாகவே இருந்ததைப் பார்த்தாள், பழையபடி அந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

இது ரொம்ப நாள் நிற்காது, எனக்குத் தெரியும். ஓதம் மேலே ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, சதுரத்தின் கீழ் ஓரம் இப்போதே பொரிந்துவிட்டது. தொட்டியை இடித்தாலும் சுவர் உறிஞ்சின தண்ணீர் சும்மா விடாது என்கிறார் கொத்தனார். அடுத்த மழைக்குள் எல்லாம் ஒரே வெளுப்பாகிவிடும். தடுக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. நீ லீவில் வந்தால் முதல் வேலையாகச் சுண்ணாம்பு அடிக்க ஆள் கூப்பிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? வீடு முழுக்க அடி. கட்டிலுக்கு எதிர்ச்சுவரை மட்டும் விட்டுவிடு. சாந்தி கேட்டால் அம்மாவின் வீம்பு என்று சொல்.

இன்றைக்குச் சந்தை. அவள் வருகிற நேரம் ஆகிறது. வாசற்படி ஓரத்தில் சாந்தி தொட்டில் துணியை உலரப் போட்டிருக்கிறாள், அதை எடுத்துவிட்டு இடம் பண்ண வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா